அரிஸ்டாட்டிலுக்குச் சொன்ன மீனவர்கள்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் விலங்குகளைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதிய நூலில் 'கிளானிஸ்' என்ற ஆற்றுக் கெளுத்தி வருகிறது. பெண் மீன் முட்டையிட்டுப் போய்விடும். நாணலிலும் வேரிலும் ஒட்டிக்கிடக்கும் முட்டைகளை ஆண் மீன் நாற்பது, ஐம்பது நாள் காவல் காக்கும். கிட்டே வரும் சிறு மீன்களை அது பாய்ந்து விரட்டும் சத்தத்தை வைத்தே மீனவர்கள் இடத்தைக் கண்டுகொள்வார்கள். முட்டை ஆழத்தில் இருந்தால் வேரோடு கரைப்பக்கம் இழுத்துவருவார்கள். அப்போதும் ஆண் அகலாது, தூண்டிலில் மாட்டும். முன்பே தூண்டிலில் அடிபட்ட மீன்கூட இடத்தைவிட்டு நகராமல் முள்ளைக் கடித்து முறித்துவிடும் என்கிறார். வேரை இழுப்பதும் முள் முறிவதும் மீன் பிடித்துப் பிழைத்தவர்கள் வாயிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

பிற்கால ஐரோப்பிய அறிஞர்கள் கிளானிஸைத் தங்கள் பேராறுகளில் வாழும் வெல்ஸ் கெளுத்தி என்று கொண்டார்கள். அதனிடம் இந்த வழக்கத்தைக் காணாததால் இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். அமெரிக்கக் கெளுத்திகள் குழி பறித்துக் கூடு கட்டிக் குஞ்சு காப்பதை அறிந்திருந்த விலங்கியலாளர் லூயி அகாசிஸ், 1850களில் கிரேக்கத்தின் அக்கிலூஸ் ஆற்று மீன்களை வரவழைத்துப் பார்த்து, கிளானிஸ் வேறு இனம் என்றார். 1890இல் இன்னொரு விலங்கியலாளரான சாமுவேல் கார்மன் அதற்கு அரிஸ்டாட்டிலின் பெயரையே சூட்டினார். ஆனால் இனத்தை மாற்றி எண்ணியது மட்டுமே பிழை அல்ல. வெல்ஸ் ஆணும் முட்டையைக் காக்கும் என்பது பின்னாளில் தெரியவந்தது. கலங்கல் நீரில் கண்ணில் படாததை நடக்காதது என்று முடிவு கட்டியதுதான் பெரிய பிழை.

விலாங்கு சேற்றிலிருந்து பிறக்கிறது என்று எழுதியவரும் அரிஸ்டாட்டில்தானே, அவரை எப்படி நம்புவது என்று கேட்கலாம். ஐரோப்பிய விலாங்கு இனப்பெருக்கத்துக்கு அட்லாண்டிக்கின் சர்காசோ கடல்வரை போகிறது. அதை எந்த மீனவரும் பார்த்திருக்க வழியில்லை. கிளானிஸின் காவலோ கரையோரத்தில், அன்றாடப் பிழைப்பின் நடுவே நடப்பது. சொன்னவர் யார் என்பதைவிட, அவருக்கு அதைப் பார்க்க வாய்ப்பு இருந்ததா என்பதே சரியான அளவுகோல்.

நம் ஏரி, கண்மாய்களில் மீன் பிடிப்பவர்களிடமும் இதே அறிவு இருக்கிறது. பாசிக்கு நடுவே இடம் ஒதுக்கி முட்டையிடும் விரால், குஞ்சுக் கூட்டத்தின் கீழேயே காவலாகத் திரியும். அந்தக் குஞ்சுகளைப் பார்த்துத்தான் தூண்டில்காரர் தாய் தகப்பன் மீனைப் பிடிக்கிறார். எந்தத் தண்ணீரில், எந்த மாதத்தில், எத்தனை நாள் அந்தக் காவல் நீடிக்கிறது என்பதை அவர்களிடம் கேட்டு, ஊர்ப் பெயரோடு எழுதிவைக்கும் வேலையை மீன்வளம் படிக்கும் மாணவர்கள் இப்போதே தொடங்க வேண்டும்.