மதில் போய் வீதி வந்த கதை

1858-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமனம் பெற்றிருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி தென்னாட்டில் சுற்றுப்பிரயாணம் செய்து மதுரையில் எடுத்த படங்கள், அந்நகரின் பழைய தோற்றத்தை அறிய விரும்புவோருக்குக் கிடைத்தற்கரிய பொக்கிஷங்கள். மெழுகேற்றிய காகிதத்தில் பிம்பம் பதிய வெகுநேரம் பிடித்த காலமாகையால், அசையாத கல்லும் சுதையும் துலக்கமாக விழுந்த அப்படங்களில், நடமாடிய ஜனங்கள் பெரும்பாலும் பதியவேயில்லை. அதைக் கொண்டு மதுரை அன்று ஆளரவமற்றுக் கிடந்தது என்று எவரும் எண்ணிவிடலாகாது.

அப்படங்களுள் ஒன்று, கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத்தூணைக் காட்டுகிறது. நாயக்கர் காலத்துக் கோட்டை மதில் நகரை நெருக்கிக்கொண்டிருந்ததைக் கண்ட பிளாக்பர்ன், அதை இடிப்பித்து, அகழியைத் தூர்த்து, ஊர் வெளியே விரிவதற்கு வழிசெய்தார்; மதிலை இடித்து அகழியை நிரப்ப முன்வந்தவர்களுக்கு அந்த நிலமே கொடுக்கப்பட்டது என்பர். அவ்வாறு பிறந்தவையே இன்றைய வெளிவீதிகள். அப்பணியை மேற்பார்த்தவர்களின் ஞாபகத்தை மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றளவும் தாங்கி நிற்கின்றன. படத்தில் சுற்றிலும் வெளிவிட்டுத் தனித்து நிற்கும் அந்தத் தூணை, இன்று கடைகளும் விளம்பரப் பலகைகளும் வாகன நெரிசலும் சூழ்ந்துள்ளன. ஆயினும் ‘விளக்குத்தூண்’ என்றால் வழி சொல்லாதவர் மதுரையில் இல்லை.

இதற்கு மாறான கதி திருமலை நாயக்கர் மகாலுக்கு நேர்ந்தது. டிரைப் கண்டது சிதைந்து கிடந்த மாளிகையை. 1866 முதல் 1872 வரை கவர்னராயிருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால் கட்டடக் கலைஞர் சிசம் அதைப் புதுப்பித்தார். பின்னர் அங்கே நீதிமன்றங்கள் நெடுங்காலம் நடந்தன. இன்று நாம் வியந்து நோக்கும் சொர்க்க விலாசம், ஒருகாலத்தில் இருந்த அரண்மனையின் ஒரு பகுதி மட்டுமே. மறைந்துபோன பகுதியின் விஸ்தீரணத்தை அறிய வேண்டுமானால், விளக்குத்தூணுக்கு அருகிலுள்ள பத்துத்தூண் சந்துக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். ஜவுளிக்கடைகளின் துணி மூட்டைகளுக்கும் விலை பேசுவோரின் கூச்சலுக்கும் நடுவே, கடைகளின் மேல்தளத்தையும் தாண்டி, மேலே தாங்குவதற்கு விதானமில்லாமல், பருத்த கல்தூண்கள் வரிசையாக எழுந்து நிற்கின்றன. அடிப்பாகத்தைச் சரக்குகள் மறைப்பதால் அண்ணாந்து பார்ப்பவன் கண்ணுக்கே அவை புலனாகும்.

பழைய படத்தையும் புதிய காட்சியையும் அருகருகே வைத்துப் பார்க்கும் நம்மில் பலர், அழகு அழிந்ததே என்று அங்கலாய்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். மதுரை நமக்குக் கற்பிப்பது வேறு. கட்டடங்கள் சிதைந்தும் திருந்தியும் வந்திருக்கின்றன, மதிலோ பெரும்பாலும் மறைந்துவிட்டது, ஆனால் ஆலயத்தை நடுநாயகமாக வைத்துச் சித்திரை, ஆவணிமூலம், மாசி என ஒன்றையொன்று சூழும் வீதிகளின் அமைப்பு மாறவில்லை, சுவாமி புறப்பாடும் தேரும் வீதிகளை வீதிகளாகவே காத்துவந்திருக்கின்றன. கல்லைக் காப்பது சர்க்காரின் கடமையாகலாம். வழியைக் காப்பது அதில் நடப்பவரின் வழக்கமன்றோ?

ஆகவே, பழைய படங்களைப் பொருட்காட்சிசாலையில் பூட்டிவைப்பதோடு அமையாமல், அந்தந்த இடத்திலேயே அவற்றின் பிரதிகளை நிறுத்தி, வீதிப் பெயரின் வரலாற்றையும் பக்கத்தில் பொறித்துவைக்க நகராண்மை முன்வர வேண்டும். பத்துத்தூண்களைச் சுற்றியுள்ள நடைபாதையேனும் சரக்கின்றி விடப்பட்டால், துணி வாங்க வரும் குடும்பத்தின் குழந்தைகூட, தான் நிற்பது ஓர் அரண்மனைக்குள் என்று தெரிந்துகொள்ளும்.