கீழிருந்து புரட்டுதல்

ஒரு சொல்லின் வரலாறு சில வேளைகளில் ஒரு சட்டத்தின் வாசலில் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தின் 'சப்வெர்ட்' அத்தகைய வினைச்சொல். நிலைபெற்ற அதிகாரத்தையோ நம்பிக்கையையோ நேர்நின்று தாக்காமல், உள்ளிருந்து நிலைகுலையச் செய்வதை அது குறிக்கும்.

இதன் மூலம் இலத்தீன். 'சப்' என்றால் கீழே. 'வெர்த்தெரே' என்றால் திருப்புதல், புரட்டுதல். வடமொழியின் 'வ்ருத்' என்னும் வேரும் இதன் உடன்பிறப்பே. நாம் வங்கியில் செய்யும் பரிவர்த்தனையும், கச்சேரியில் தாளம் சுற்றிவரும் ஆவர்த்தனமும் அவ்வேரில் கிளைத்தவை.

கி.பி. 400ஐ ஒட்டி விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த ஜெரோம், சோதோம் நகரைக் கடவுள் அழித்ததைச் சொல்ல இந்த வினையையே ஆண்டார். அன்று புரட்டியது மேலிருந்த பேரதிகாரம்! 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் நகரங்களை இடித்தழித்தல் என்ற பொருள் உடன்வந்தது. பின்னரே சட்டம், அரசு, மனம் ஆகியவற்றைக் குலைத்தல் என்ற பொருள் மேலோங்கியது. 1950இல் அமெரிக்கா, கம்யூனிச அமைப்புகளைக் கண்காணிக்க அமைத்த வாரியத்தின் பெயரிலேயே 'சப்வெர்சிவ்' இடம்பெற்றது. அதிகாரத்தின் செயலாக இருந்த சொல், அதிகாரத்தின் அச்சமாக மாறிவிட்டது.

இந்தியாவில் 1870இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 124அ பிரிவு, அரசின்மீது 'அன்பின்மை' வளர்ப்பதைக் குற்றமாக்கியது. திலகரும் காந்தியும் அதன்கீழ்த் தண்டிக்கப்பட்டனர். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்பிரிவு இல்லை. ஆனால் 152ஆம் பிரிவில், பிரிவினை, ஆயுதக் கிளர்ச்சி ஆகியவற்றோடு 'சப்வெர்சிவ்' செயல்களைத் தூண்டுவதும் குற்றம். ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். அரசின் நடவடிக்கைகளைச் சட்டவழியில் மாற்றக் கோரும் விமர்சனத்துக்கு அங்கு விளக்கம் உண்டு. அச்சொல்லுக்கு மட்டும் வரையறை இல்லை.

தமிழில் இதை 'நாசவேலை' என்று பெயர்ப்பதுண்டு. பாலத்தைத் தகர்ப்பதற்கு அது பொருந்தும். ஆனால் பழங்கதையைத் தலைகீழாக்கும் கவிதையையும் ஆங்கிலத் திறனாய்வு இதே சொல்லால்தான் பாராட்டுகிறது. 'நாசவேலை'யில் அழிவு மட்டுமே உண்டு. புரட்டிப் பார்த்தல் இல்லை.

திறனாய்வில் சொல் நெகிழ்ந்திருப்பது அழகு. சட்டத்தில் அது நெகிழ்ந்திருந்தால், எது புரட்டல், எது கேள்வி என்று முதலில் தீர்மானிப்பவர் வழக்குப் பதியும் காவல் அதிகாரியாகிவிடுகிறார். வரையறை கோருவது இலக்கண விவாதமன்று, குடிமக்களின் உரிமை.