பாலிஷ் பேடு பராமரிப்பு
கார் பாலிஷ் மெஷினில் வெல்க்ரோவால் பொருத்தப்படும் ஃபோம், மைக்ரோஃபைபர், கம்பளி பேடுகளை வேலை முடிந்ததும் சுத்தம் செய்து வைக்கும் முறை. பாலிஷிலுள்ள அலுமினியம் ஆக்சைடு துகளும் பெயின்ட்டின் மேல்பூச்சான கிளியர்கோட்டிலிருந்து தேய்ந்து வந்த துகளும் பேடில் காய்ந்து இறுகினால், அடுத்த காரில் கீறல் விழும். ஆகவே ஈரம் காயுமுன் கழுவுவதே பாதி வேலை. ஃபோம் பேடை வெதுவெதுப்பான சோப்புநீரில் விரலால் அழுத்தி அழுத்தி, நீர் தெளியும்வரை அலசுவர். முறுக்கிப் பிழிந்தால் கிழியும். கொதிநீர் பட்டால் வெல்க்ரோவைப் பிடித்திருக்கும் பசை இளகிவிடும். நீர் பசைப்பக்கம் தேங்காதிருக்க, ஃபோம் முகத்தைக் கீழாக வைத்து நிழலில் உலர்த்துவர். கம்பளி பேடின் சிக்குண்ட இழைகளைப் பிரஷ்ஷால் நீவிவிட வேண்டும். முழுக்க உலர்ந்தபின் கீறல் நீக்கும் காம்பவுண்டு பேடு, இறுதி மெருகுக்கான ஃபினிஷிங் பேடு எனப் பிரித்து, தூசி புகாத பைகளில் தட்டையாக அடுக்குவர். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.