சிலந்தி மனிதருக்கு எத்தனையாவது இடம்?



அண்மையில் ஒரு படப்பிடிப்புக்காகக் கேரி தீவுக்குப் போயிருந்தோம். செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு காற்பந்துத் திடல். கோல் கம்பங்கள் துருப்பிடித்து நின்றன. வலை இல்லை. பத்துப் பதினைந்து சிறுவர்கள் ஆடத் தயாராக இருந்தார்கள். ஆனால் கோல் காக்க யாரும் முன்வரவில்லை. கடைசியில் இருப்பதிலேயே சின்னவனைப் பிடித்துக் கம்பத்துக்கு நடுவே நிறுத்தினார்கள். அவன் முகத்தில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

அருகில் மிதிவண்டியைச் சாய்த்துவிட்டு நின்றிருந்த ஒரு பெரியவர் சிரித்தார். "எங்க காலத்துல இதே திடல்ல கோல் காக்கறதுக்குத்தான் தம்பி சண்டை. எல்லாப் பயலுக்கும் ஆறுமுகம் ஆகணும்" என்றார்.

"ஐயா, ஆறுமுகம்தான் நம் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரரா?" என்று கேட்டேன். அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்ம ஆளுங்கறதுக்காக முதல் இடம் குடுத்துடாதீங்க. தகுதியைப் பார்த்துக் குடுங்க. அதுதான் அவருக்கு மரியாதை" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் இன்றைய பேச்சுக்குக் காரணம். ஆறுமுகத்துக்கு மலேசியக் காற்பந்து வரலாற்றில் எத்தனையாவது இடம்? பாசத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, கணக்கோடு பார்ப்போமே.

யார் இந்த ஆறுமுகம்?

இளைய நேயர்களுக்காகச் சில வரிகள். ரெங்கசாமி ஆறுமுகம் 1953 ஜனவரி 31-ஆம் நாள் பிறந்தவர். கிள்ளான் துறைமுகப் பகுதியின் மைந்தர். சிலாங்கூர் அணியின் கோல்காவலர். எழுபதுகளின் தொடக்கம் முதல் எண்பதுகளின் நடுப்பகுதி வரை தேசிய அணியின் கோல்காவலர். நீண்ட கைகள். எட்டாது என்று நினைத்த பந்தையும் எட்டிப் பிடிக்கும் பாய்ச்சல். அதனால்தான் நாடே அவரை 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்தது. 1988 டிசம்பர் 18-ஆம் நாள் ஒரு சாலை விபத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 35 மட்டுமே.

அவர் ஆடிய காலத்தில் மலேசிய அணி என்ன செய்தது என்று பாருங்கள். 1974-இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலப் பதக்கம். 1977-இல் கோலாலம்பூரிலும் 1979-இல் ஜக்கார்த்தாவிலும் சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம். 1974, 1976 ஆண்டுகளில் மெர்டேக்கா கிண்ணம். 1976, 1980 ஆண்டுகளில் ஆசியக் கிண்ண இறுதிச் சுற்றுக்குத் தகுதி. இவற்றுக்கெல்லாம் மணிமுடி 1980-இல் வந்தது.

அந்த ஏப்ரல் மாத இரவு

1980 ஏப்ரல் 6. மெர்டேக்கா அரங்கம். மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு யார் போவது என்று முடிவு செய்யும் ஆட்டம். எதிரே தென் கொரியா. ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் தள்ளியதும் மலேசியா 2-1 என்று வென்றது. அரங்கம் அதிர்ந்தது.

ஆனால் மாஸ்கோவுக்கு நம் அணி போகவில்லை. சோவியத் யூனியன் ஆப்கானிஸ்தானுக்குள் படை அனுப்பியதைக் கண்டித்துப் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. உலக மேடையில் ஏறும் தகுதியைத் தன் கையால் காத்துக் கொடுத்த ஆறுமுகம், அந்த மேடையில் ஏறவே இல்லை. அதன் பிறகு 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை மலேசியக் காற்பந்து அணி ஒருமுறைகூட ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். 2016-இல் வந்த 'ஓலா போலா' திரைப்படம் இந்த வரலாற்றைத் தழுவியதுதான். அதில் வரும் முத்து என்ற கோல்காவலரைப் பார்த்தபோது, திரையரங்கில் பல பெரியவர்களின் கண்கள் கலங்கின. அவர்கள் பார்த்தது முத்துவை அல்ல.

கோல்காவலரை எப்படி அளப்பது?

இங்குதான் சிக்கல். மொக்தார் டஹாரியின் பெருமையைச் சொல்ல ஓர் எண் போதும். 142 அனைத்துலக ஆட்டங்களில் 89 கோல்கள். மறுபேச்சு இல்லை. கோல்காவலருக்கு அப்படி ஓர் எண் கிடையாது. போட்ட கோல் ஏட்டில் ஏறும். தடுத்த கோல் ஏட்டில் ஏறாது. விட்ட கோல் மட்டும் அவர் பெயரில் எழுதப்படும்.

அவர் காக்க வேண்டிய இடத்தை எண்ணிப் பாருங்கள். அகலம் 24 அடி, உயரம் 8 அடி. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஆட்டமும் படம் பிடிக்கப்படவில்லை. பிடித்ததிலும் நமக்கு மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். எத்தனை பந்துகளைத் தடுத்தார், எத்தனை முறை குறுக்கே பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டார் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆகவே கோல்காவலரை அளக்க வேறு அளவுகோல்கள் தேவை. நான் நான்கை எடுத்துக்கொள்கிறேன். எவ்வளவு உயரம் தொட்டார்? எவ்வளவு காலம் நின்றார்? யாரை எதிர்த்து நின்றார்? அவர் பின்னால் நின்றதால் அணி என்ன ஆனது?

முதல் போட்டி: சௌ சீ கியோங்

மலேசியாவின் மிகச் சிறந்த கோல்காவலர் யார் என்றால், மூத்தவர்கள் ஆறுமுகத்தோடு இன்னொரு பெயரையும் சொல்வார்கள். அவர்தான் சௌ சீ கியோங். 1966 முதல் 1970 வரை தொடர்ந்து ஐந்து முறை ஆசியாவின் சிறந்த கோல்காவலராகத் தேர்வு பெற்றவர். ஹாங்காங்கில் தொழில்முறை ஆட்டக்காரராகவும் பேர் எடுத்தார். 2018-இல் காலமானார்.

உண்மையை ஒப்புக்கொள்வோம். தொட்ட உயரத்தை மட்டும் பார்த்தால், சௌ சீ கியோங் முந்துகிறார். ஐந்து முறை ஆசியாவின் முதல்வர் என்பது சாதாரண விஷயம் அல்ல. அந்த வகையில் நம் தமிழ் உலகத்துக்கு இன்னொரு பெயரையும் நினைவூட்ட வேண்டும். இந்தியாவின் பீட்டர் தங்கராஜ், 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல்காவலர் என்று பெயர் பெற்றவர். 1962 ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தவர். ஆறுமுகத்தின் பதக்கம் வெண்கலம். தங்கராஜின் பதக்கம் தங்கம். இதையும் மறைக்கக் கூடாது.

ஆனால் இரண்டாவது அளவுகோலுக்கு வாருங்கள். எவ்வளவு காலம்? ஆறுமுகம் தேசிய அணிக்காக 196 ஆட்டங்கள் ஆடியதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. வெளிநாட்டு மன்றங்களுக்கு எதிரான ஆட்டங்களும் அந்தக் கணக்கில் அடங்கும் என்பதால், எண்ணை அப்படியே மற்ற நாட்டவரோடு ஒப்பிட முடியாது. பாதியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பெரிய எண்தான். இத்தாலியின் டினோ ஸோஃப், 40 வயதில் உலகக் கிண்ணத்தை ஏந்திய கோல்காவலர், தம் நாட்டுக்காக ஆடியது 112 ஆட்டங்கள். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நாடு தன் வலையை ஒரே மனிதரிடம் நம்பி ஒப்படைத்தது என்றால், பயிற்றுநர்கள் மாறினாலும் அந்த நம்பிக்கை மாறவில்லை என்றுதான் பொருள். தேசிய அணிக்கு ஆற்றிய தொண்டு என்று வரும்போது ஆறுமுகமே முன்னால் நிற்கிறார்.

எதிரே நின்றது யார்?

"அந்தக் காலத்தில் ஜப்பானும் கொரியாவும் இன்றைய ஜப்பானும் கொரியாவும் இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கேள்விதான். கொரியாவில் தொழில்முறை லீக் 1983-இல்தான் தொடங்கியது. ஜப்பானில் 1993-இல். ஆகவே ஆறுமுகம் சந்தித்த எதிரிகள் இன்றைய அளவுக்குத் தேர்ந்தவர்கள் அல்லர் என்பது உண்மையே.

ஆனால் தராசுக்கு இரண்டு தட்டு உண்டு. நம்மவர்கள் மட்டும் தொழில்முறை ஆட்டக்காரர்களா? இந்நாட்டில் பகுதி தொழில்முறை லீக் 1989-இல்தான் வந்தது. ஆறுமுகத்தின் காலத்தில் ஆட்டக்காரர்கள் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள். சமமானவர்களோடு சமமாக மோதி ஜெயித்தார்கள். அதற்குப் பின் மற்றவர்கள் ஓடினார்கள், நாம் நின்றோம். 2024 ஜனவரியில் ஆசியக் கிண்ணத்தில் தென் கொரியாவுடன் 3-3 என்று சமநிலை கண்டதற்கே நாம் துள்ளிக் குதித்தோம். 1980-இல் அதே நாட்டை வென்றவர்களின் மதிப்பு அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

இன்னொன்று. பின்னால் நிற்பவர் உறுதியாக இருந்தால்தான் முன்னால் போகிறவர் துணிந்து போவார். சோ சின் ஆன், சந்தோக் சிங் போன்ற தடுப்பு ஆட்டக்காரர்கள் ஆறுமுகத்துக்கு முன்னால் அரணாக நின்றார்கள். ஆகவே கோல் விழாததற்கு முழுப் பெருமையும் அவருக்கே என்று சொல்வது சரியாகாது. அதே சமயம், அவர்கள் தைரியமாக முன்னேறி ஆடியதற்கு அவரும் ஒரு காரணம். ஒரு மலாய்க்காரர் கோல் போட, ஒரு சீனரும் ஒரு சீக்கியரும் தடுக்க, ஒரு தமிழர் காத்து நின்ற அணி அது. யாரையும் இன ஒதுக்கீட்டில் எடுக்கவில்லை. திறமை அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது.

என் தீர்ப்பு

சரி, முடிவுக்கு வருகிறேன். மலேசியக் காற்பந்தின் எல்லாக் காலத்துக்குமான வரிசையில் முதல் இடம் மொக்தார் டஹாரிக்கு. அந்த 89 கோல்களை மீற யாராலும் முடியவில்லை. 1975-இல் இங்கிலாந்தின் அர்செனல் மன்றம் இங்கு வந்து 2-0 என்று தோற்றபோது, இரண்டு கோல்களும் அவருடையவை. இரண்டாவது இடம் சோ சின் ஆனுக்கு. தலைவராக இருந்து அந்தப் பொற்கால அணியைக் கட்டி நடத்தியவர் அவர். மூன்றாவது இடம் ஆறுமுகத்துக்கு. கோல்காவலர்களில், ஆசிய அளவில் தொட்ட உயரத்துக்குச் சௌ சீ கியோங். நாட்டுக்காக நின்ற காலத்துக்கு ஆறுமுகம். ஒரே ஓர் ஆட்டத்துக்கு யாரைக் கம்பத்துக்கு நடுவே நிறுத்துவீர்கள் என்று கேட்டால் நான் தயங்குவேன். பத்து ஆண்டுகளுக்கு யாரை என்று கேட்டால் தயங்க மாட்டேன்.

மூன்றாவதா என்று வருந்தும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. உலகம் முழுவதும் கோல்காவலருக்கு இதுதான் நிலை. ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருதை இதுவரை பெற்ற ஒரே கோல்காவலர் ரஷ்யாவின் லெவ் யாஷின்தான். அதுவும் 1963-இல். மொக்தார் போன்ற ஒரு முன்கள வீரரும் சோ சின் ஆன் போன்ற ஒரு தலைவரும் இருந்த தலைமுறையில், கோல்காவலர் ஒருவர் அவர்களுக்கு அடுத்து நிற்கிறார் என்றால் அது தாழ்வல்ல.

மொக்தார் 1991-இல் 37 வயதில் போனார். ஆறுமுகம் 35-இல். இளமையில் மறைந்தவர்களை நாம் குறை சொல்லாமல் புகழ்கிறோம். அது மனித இயல்பு. ஆனால் வெறும் புகழ்ச்சி சீக்கிரம் கரைந்துவிடும். கணக்கோடு சொன்ன பெருமைதான் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் இருபது வயது இளைஞராக நின்றவருக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் பார்த்ததை அவர் சொல்லாவிட்டால், படச்சுருளில் இல்லாத அந்தப் பாய்ச்சல்கள் எங்கும் இருக்கப்போவதில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ மாமாவோ இருந்தால், இந்த வாரம் அவரை உட்கார வைத்துக் கேளுங்கள். எழுதி வையுங்கள்.

கேரி தீவில் நாங்கள் புறப்படும்போது ஆட்டம் முடிந்திருந்தது. கோல் காத்த அந்தச் சின்னவன் ஐந்தாறு கோல்கள் வாங்கியிருந்தான். பெரியவர் அவனைக் கூப்பிட்டு, "கையை நீட்டுடா" என்றார். நீட்டினான். தம் கையை அதன்மேல் வைத்து அளந்து பார்த்தார். "பரவாயில்லை, வளரும்" என்றார். பையன் முதன்முறையாகச் சிரித்தான்.

என் வரிசை இது. உங்கள் வரிசை வேறாக இருக்கலாம். காரணத்தோடு சொல்லுங்கள், கேட்கக் காத்திருக்கிறேன்.