தண்ணிக்குள்ள இருக்கிற ஊரை மேப்பில் தேடின கதை

இந்த எபிசோடு ராஜா, போர் பத்தி இல்ல. எங்க வீட்டுக் கதை. கூடவே, உங்க ஊரோட பழைய மேப்பை எப்படித் தேடுறதுன்னும் சொல்றேன்.

எங்க பாட்டியோட அம்மா பிறந்த ஊர் இப்போ மேட்டூர் அணைக்குள்ள இருக்கு. 1925-இல் அணை வேலை ஆரம்பிச்சு 1934-இல் முடிஞ்சது. அந்த நீர்த்தேக்கத்தில் மூழ்கின பல ஊர்களில் எங்களோடதும் ஒண்ணு. தண்ணி நல்லா இறங்குற வருஷங்களில் பண்ணவாடி பக்கம் ஒரு நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அப்பெல்லாம் பாட்டி அங்க போய் நந்தியைக் கும்பிட்டு, "இதான் எங்க அம்மா ஊரு" என்பாங்க.

நிஜமாவே அதுதானா? அதைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் கிடைச்சது டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமா வச்சிருக்கிற யு502 வரிசை. அமெரிக்க ராணுவ மேப் பிரிவு 1950-களில் போட்டது. ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர். ஆசையா திறந்தேன், எங்க ஊர் இருக்க வேண்டிய இடம் முழுக்க நீலம். அணை கட்டி இருபது வருஷம் கழிச்சு வந்த மேப், வேற எப்படி இருக்கும்!

அப்போ தேவை, 1934-க்கு முன்னாடி அளந்த மேப். சர்வே ஆஃப் இந்தியா ஒரு மைலுக்கு ஒரு அங்குலம்னு போட்ட தாள்களில் கோயில், கிணறு, வண்டிப்பாதை வரைக்கும் இருக்கும். தாள் எண்ணைக் கண்டுபிடிக்கிறதும் சுலபம். நாட்டை நாலு டிகிரிக்கு நாலு டிகிரி கட்டமா பிரிச்சு எண் கொடுத்திருக்காங்க. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஏ முதல் பி வரை 16 கட்டம். அதுக்குள்ள மறுபடி 16. மேட்டூர் அணை 58 ஈ/13-இல் வரும். சென்னை மையப்பகுதி 66 சி/8. இந்த எண்ணோட நூலகங்களின் ஸ்கேன் தொகுப்புகளில் தேடுங்க. ஓரத்தில் அச்சான வருஷத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க, அளந்த வருஷம் தனியா போட்டிருக்கும். ஊர் பேரையும் நாலஞ்சு ஸ்பெல்லிங்கில் தேடணும், ல, ள, ழ மூணும் ஆங்கிலத்தில் ஒண்ணுதான்.

தாள் கிடைச்சது. க்யூஜிஐஎஸ்ங்கிற இலவச மென்பொருளில் இன்றைய செயற்கைக்கோள் படத்து மேல அதை விரிச்சேன். மூலையில் அச்சடிச்சிருந்த அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே கொடுத்தா, மலை நூறு மீட்டருக்கு மேல தள்ளி நிக்குது. என் கோடில்தான் பக்னு ஒரு ராத்திரி முழுக்க தேடினேன். பக் இல்ல. பழைய மேப் எவரெஸ்ட் கணக்கில் பூமியை அளந்தது, நம்ம ஃபோன் டபிள்யூஜிஎஸ் 84 கணக்கில் அளக்குது. அப்புறம் இடம் மாறாத மலை உச்சிகளைப் புள்ளியா வச்சேன். பொருந்திடுச்சு.

ஊர் இருந்தது. சின்ன எழுத்தில் பேரு, ஒரு கோயில் குறி, ஆத்துக்குப் போற ஒத்தைப் பாதை. ஆனா நந்தி பக்கத்தில் இல்ல. எதிர்க்கரையில், நாகமரை பக்கம்.

இதை பாட்டிகிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். இத்தனை வருஷம் கும்பிட்ட இடம் ஆச்சே. கடைசியில் லேப்டாப்பை மடியில் வச்சு காட்டினேன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுட்டு, அந்தக் கோயில் குறி மேல விரலை வச்சாங்க. ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல.

"எங்கம்மா ஆத்துக்குத் தண்ணிக்குப் போனதா சொன்ன பாதை இதுவாத்தான் இருக்கும். நந்தி எங்க போயிடப் போகுது, இருக்கட்டும். அடுத்த தடவை தண்ணி வத்தினா, என்னை அந்தக் கரைக்குக் கூட்டிட்டுப் போ."

ஊர் பேரை இங்க சொல்லல, பாட்டி வேண்டாம்னுட்டாங்க. அந்த இடத்தோட புள்ளி மட்டும் என் ஃபோனில் இருக்கு. உங்க வீட்டிலும் இப்படி ஒரு ஊர் பேரு சொல்ற ஆள் இருந்தா, மேப்பைத் தேடுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட உட்கார்ந்து கேட்டுடுங்க. மேப் காத்திருக்கும். அடுத்த எபிசோடில் பார்ப்போம்!