பூட்டு எதைக் காக்கிறது?

2019 தீபாவளி சமயத்தில் ஊரிலிருந்து அப்பா கூப்பிட்டார். "பூட்டுப் படம் இருந்துச்சேடா, அதைப் பார்த்துட்டுத்தானே பணம் கட்டினேன்!" பேரனுக்கென்று இணையத்தில் வாங்கிய சைக்கிள் வரவேயில்லை. 4,200 ரூபாய் போனது. கடையே போலி. புனேயில் உட்கார்ந்துகொண்டு அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1976-ல் டிஃபியும் ஹெல்மனும் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். கடைக்காரர் திறந்த பூட்டை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம், யாரும் பூட்டலாம், திறக்கும் சாவி அவரிடம் மட்டும். அடுத்த வருஷமே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அதற்குக் கணக்கு கண்டுபிடித்தார்கள். 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் அதை உலாவிக்குள் கொண்டுவந்தது. 1995-லேயே பெர்க்லி மாணவர்கள் இருவர் அதில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். ரகசிய எண்ணை உருவாக்க நெட்ஸ்கேப் கணினியின் நேரத்தை நம்பியிருந்தது. அதை ஊகித்துவிட முடிந்தது. பிறகு சரிசெய்தார்கள்.

நம் நாட்டில் 2002-ல் ரயில் டிக்கெட் இணையத்துக்கு வந்தது. 2003-ல் நான் சென்னைக்கு எடுத்த டிக்கெட் கூரியரில் வந்து சேரும்வரை வயிற்றில் புளியைக் கரைத்தது. அட்டை எண்ணை வழியில் யாராவது திருடிவிடுவார்களோ என்பதுதான் அப்போது பயம். 2009 ஆகஸ்டிலிருந்து ரிசர்வ் வங்கி, இணையத்தில் அட்டையில் கட்ட இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும் என்றது.

ஆக, வழி பத்திரமானது. ஆனால் வழியின் முடிவில் இருப்பவர் யார்? 2015 முடிவில் லெட்ஸ் என்க்ரிப்ட் பூட்டுக்கான சான்றிதழை இலவசமாகவே தர ஆரம்பித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் சான்றிதழ் முகவரியை மட்டுமே சரிபார்க்கும். கடைக்காரரின் நாணயத்தை அல்ல. போலிக் கடைக்கும் பூட்டு கிடைத்துவிடும்.

அப்பா ஏமாளி இல்லை. பூட்டைப் பார்த்தால் நம்பலாம் என்று பல வருஷமாக எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தது நாம்தான். 2023-ல் கூகுள், க்ரோம் உலாவியிலிருந்து பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. காரணம், நிறையப் பேர் அதை நம்பிக்கைக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான்.

இப்போதெல்லாம் புதுக் கடை என்றால் அப்பா முதலில் எனக்குத்தான் போன் செய்கிறார். நான் மீட்டிங்கில் இருந்தாலும் எடுத்துவிடுகிறேன். நீங்களும் ஊருக்குப் பேசும்போது இதைச் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.