வாக்கில்லாதவர்க்கு வழி திறந்தவர்

திண்டுக்கல் கோட்டைப் பாறையின் அடியில் விரியும் சமவெளியில், செம்பட்டி வழியே தென்மேற்காகச் சென்றால், காப்பித் தொழிலால் பெயர் பெற்ற பட்டிவீரன்பட்டியை அடையலாம். அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த அச்சிற்றூரில் 1893இல் பிறந்தவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார்.

செல்வக் குடியிலே பிறந்தவர்தாம் அவர். ஆனால், செல்வம் சாதி இழிவைத் துடைத்ததா? இல்லை! கமுதிக் கோயிலுள் 1897இல் நுழைந்த குற்றத்திற்காக நாடார் சமுதாயத்தினர் வழக்குமன்றம் இழுக்கப்பட்டனர். 1899இல் சிவகாசிப் பகுதியில் அவர்தம் வீடுகள் தீக்கிரையாயின. 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்புக் கூறிற்று. அவருடைய இளமைக் காலம் இத்தகையது.

1920இல் நீதிக்கட்சி அவரைச் சென்னைச் சட்டசபையின் நியமன உறுப்பினராக்கியது. தம் சமுதாயத்தின் புண்ணுக்கு மட்டும் மருந்து தேடி அவர் அமைந்திருந்தால், யாரும் குறை கூறியிரார். அவரோ, தம்மினும் தாழ்த்தப்பட்டோரை நோக்கினார்.

1928இல் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவரானார். அந்நாளில் ஆதிதிராவிடர் கையிலே காசிருந்தும் பேருந்தில் ஏற இயலாது. இயந்திரத்திற்குத் தீட்டில்லை, அதன் உரிமையாளருக்குத் தீட்டு! என்னே விந்தை! தலைவர் நீண்ட உபதேசம் செய்யவில்லை. ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் பறிக்கப்படும் என ஆணையிட்டார். சாத்திரம் பேசிய வாய் அடங்கிற்று, கதவு திறந்தது.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. சாதிப் பட்டங்களைத் துறக்கவும், பெண்களுக்குச் சொத்துரிமை வழங்கவும் அம்மாநாடு தீர்மானித்தது.

"மக்கள் வாக்களித்து வந்தவரல்லரே, நியமனம் பெற்றவர்தாமே!" என்று சிலர் கேட்கலாம். நாம் ஒன்று கேட்கிறோம்: அந்நாளில் வாக்குரிமை யாருக்கு இருந்தது? நிலமும் வரியும் உடையோர்க்கன்றோ! பேருந்தினின்று விரட்டப்பட்ட கூலித் தொழிலாளிக்கு வாக்கு ஏது? தமக்கு வாக்களிக்க இயலாதவருக்காக உழைத்தவரே உண்மைப் பிரதிநிதி.

1953இல் அவர் மறைந்தார். சென்னைத் தியாகராய நகரின் பாண்டி பசாரில் நடப்போர் பலர், அது புதுச்சேரியைக் குறிக்கும் பெயரென எண்ணுகின்றனர். அது சௌந்தரபாண்டியனாரின் பெயர் தாங்கிய அங்காடி. பெயரை மறந்தாலும் குற்றம் சிறிதே. அவர் காட்டிய அளவுகோலை மறத்தலாகாது. இன்று அனைவருக்கும் வாக்குண்டு. வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்போம்: ஐயா, நீங்கள் திறந்த கதவு எது?